கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி

நாணேற்றிய வில் வளைந்தே நிற்கும். தந்தி பூட்டிய இசைக்கருவியின் நிலையும் அதுவே. ஆயின், வில்லுக்கு வளைவு பெருமை. இசைக்கருவிக்கோ அது கேடு. மேலைநாட்டு இசைக்குழுக்களில் கீழ்ச்சுரங்களை ஒலிக்கும் பேஸ் கித்தாரில் இக்கேடு மிகுதி. அதன் தந்திகள் பருத்தவை. அவற்றின் அதிரும் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையோடு இழுக்கின்றன. ஓர் ஆளின் எடையை இரவும் பகலும் தாங்கி நிற்பது, கைப்பிடிக்குள் அடங்கும் மெல்லிய மரத்தண்டே. இதனைக் கருவியின் கழுத்து என்பர்.

மரத்தின் வலிமை மட்டும் இதற்குப் போதாது. அமெரிக்காவில் கிப்சன் தொழிற்சாலையில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹியூ என்பவர், கழுத்தினுள் எஃகுக் கம்பியொன்றைப் புதைத்து, அதனைத் திருகி இறுக்கும் முறைக்கு 1923இல் காப்புரிமை பெற்றார். இக்கம்பிக்கு டிரஸ் ராடு என்பது பெயர். லியோ ஃபெண்டர் 1950இல் தம் மின்கித்தார்களை முதன்முதலாகச் செய்தபொழுது, மேப்பிள் மரம் தானே தாங்கும் என்று கருதி இக்கம்பியை விடுத்தார். கழுத்துகள் வளைந்தன. பின்னர் அவரும் கம்பியைச் சேர்த்தார். 1951இல் அவர் வெளியிட்ட பேஸ் கித்தாரிலும் அஃது இருந்தது.

அக்கம்பி தொழிற்படும் முறை எளியது. கம்பியின் நடுப்பகுதி கழுத்தின் பின்புறத்தை நோக்கித் தாழ்ந்திருக்குமாறு, வளைந்த பள்ளத்தில் அதனை இடுவர். ஒரு முனை அசையாது பொருத்தப்பெறும். மறுமுனையில் மரை வெட்டி நட்டு பூட்டப்பெறும். நட்டை இறுக்கினால் வளைந்த கம்பி நிமிர முயலும். நிமிருங்கால் கழுத்தின் நடுப்பகுதியைத் தந்திகளை நோக்கி உந்தும். தந்திகள் ஒருபுறம் வளைக்க, கம்பி மறுபுறம் வளைக்கின்றது.

அங்ஙனமாயின் கழுத்து அம்புபோல் நேராக இருத்தல் வேண்டுமோ எனின், அன்று. அதிரும் தந்தி நடுவில் அகன்று ஆடும். அதற்குச் சிறிது இடம் விடாவிடில், அது மெட்டுகளில் மோதி இரையும். இவ்விடத்தை அளக்கத் தனிக்கருவி வேண்டுவதில்லை. சுருதி கூட்டிய தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், அத்தந்தியே நேர்கோலாகும். ஏழாம் மெட்டருகே அதன் கீழ் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி இருப்பின் போதும். அஃதாவது, ஒரு தடித்த அட்டையின் கனம்.

இடைவெளி மிகுந்தால், தந்திகளைத் தளர்த்தி, நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகவே இறுக்குதல் வேண்டும். பின்னர் மீண்டும் சுருதி கூட்டி அளத்தல் வேண்டும். மரம் மெல்லவே இணங்கும்; மறுநாளும் சிறிது அசையும். ஈரக்காற்றும் வறட்சியும் அதனை மாற்றும் ஆதலின், பருவம் மாறுந்தோறும் அளந்து பார்ப்பர். முறுக்கிக்கொண்ட கழுத்தை இக்கம்பி நேராக்காது.

பொறுமையற்ற கையே இங்குப் பெரும் பகை. நட்டு அசைய மறுக்கும்பொழுது வலிந்து திருகினால், மரை தேயும். அன்றிக் கம்பி அறும். தேர்ந்த தொழிலாளி அவ்வாறு செய்யார். நட்டைக் கழற்றித் துடைத்து, மரையில் ஒரு துளி எண்ணெய் இடுவார். கழுத்தைக் கட்டைகள் வைத்துப் பிடிப்பானால் நேராக்கியபின்னரே நட்டைத் திருகுவார். வளைக்கும் வேலையைப் பிடிப்பான் செய்தலின், அந்நிலையைக் காத்து நிற்பதே கம்பியின் வேலையாகும். மரை முடியும்வரை நட்டு ஏறிவிட்டதாயின், அதன் அடியில் ஒரு வாஷர் இட்டால் மேலும் சிறிது இறுக்கலாம்.

கம்பி நட்டின் அருகே அறுந்திருப்பின், சுற்றியுள்ள மரத்தைச் சிறிது குடைந்து, எஞ்சிய கம்பியில் புதுமரை வெட்டுவதும் உண்டு. உள்ளே அறுந்ததாயின் வேறு வழியில்லை. மேற்பலகையைச் சூடேற்றிப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டை அங்குலம் அங்குலமாகச் செலுத்திப் பெயர்த்தெடுத்து, புதுக்கம்பியிட்டு, மீண்டும் ஒட்டுவர். பசை முற்றிலும் இறுகிய பின்னரே தந்திகளைப் பூட்டுவர்.