வெறுங்காலுடன் நடந்த நாட்கள்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்காக வருவோரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று பலருக்கும் வியப்பளிக்கிறது: "சிறு வயதில் வயலிலோ தோட்டத்திலோ வெறுங்காலுடன் நடந்ததுண்டா?" சிலர் சிரித்துவிடுகிறார்கள். நகரத்தில் வாழும் ஐம்பது வயதுக்காரரிடம் அவருடைய பள்ளிப்பருவத்தைப் பற்றி எதற்கு விசாரணை? காரணம் உண்டு.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள, நூலினும் மெல்லிய குடற்புழு. மலம் கலந்த ஈரமண்ணில் வாழும் இதன் இளம்புழு, பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது. இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்குகிறது. மற்றக் குடற்புழுக்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் மடிந்துவிடும். இதுவோ குடலுக்குள்ளேயே பெருகுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுக்களுள் சில, மலத்துடன் வெளியேறாமல் குடற்சுவரைத் துளைத்து மீண்டும் அதே பயணத்தைத் தொடங்குகின்றன. ஆகவே, ஒருமுறை நுழைந்த புழு வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடும். இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில் பாதை வேலையில் வதைபட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகள் சிலரிடம், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் இப்புழு கண்டறியப்பட்டது. நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே பாதைதான் அது.

உடலின் எதிர்ப்பு ஆற்றல் காவல் நிற்கும்வரை இப்புழு பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். மாற்று உறுப்பைக் காப்பதற்காக நாங்கள் தரும் மருந்துகள், குறிப்பாகப் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள், அந்தக் காவலைத் தளர்த்துகின்றன. அப்போது புழுக்கள் கட்டின்றிப் பெருகி, நுரையீரலுக்கும் சில வேளைகளில் மூளைக்கும் பரவலாம். குடலைத் துளைத்துச் செல்கையில் அங்குள்ள பாக்டீரியாக்களையும் இரத்தத்துக்குள் இழுத்துச் செல்கின்றன. உயிருக்கே ஆபத்தான நிலை இது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்த எவரும் எண்ண வேண்டா. நிறுத்தினால் உறுப்பையே இழக்க நேரிடும். மாத்திரை தொடங்கும் முன்பே புழுவைத் தேடிப் பிடிப்பதே வழி.

தேடுவதும் எளிதன்று. இளம்புழுக்கள் நாள்தோறும் மலத்தில் தென்படுவதில்லை. எனவே ஒரே ஒரு மலப் பரிசோதனையை நம்பிவிட முடியாது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் உள்ளதா என்றும் பார்க்கிறோம். ஈசினோபில் அணுக்கள் மிகுந்திருந்தால் ஐயம் வலுக்கும். ஆனால் ஸ்டீராய்டு உட்கொள்பவரிடம் அந்த அடையாளமும் மறைந்துவிடலாம். புழு இருப்பது தெரிந்தால் ஐவர்மெக்டின் தருகிறோம். வழக்கமாகப் பூச்சிக்கென்று விழுங்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இதற்குப் போதாது. ஐவர்மெக்டினுக்கு மூலமான நுண்ணுயிரி ஜப்பானிய மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கண்டுபிடிப்புக்காக சத்தோஷி ஓமுரா, வில்லியம் கேம்பல் ஆகியோர் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர். மண் தந்த நோய்க்கு மண்ணே மருந்தும் தந்திருப்பது எங்களுக்கு இன்றும் வியப்புத்தான்.

மாற்று சிகிச்சைக்குப் பின் வயிற்றுவலி, வாந்தி, நீங்காத வயிற்றுப்போக்கு, இருமல், மூச்சிரைப்பு, அல்லது தொடையிலும் பிட்டத்திலும் கோடுபோல் நெளிந்து நகரும் தடிப்பு தோன்றினால் மறுநாள்வரை காத்திராமல் எங்களை அழையுங்கள். தோட்ட வேலைக்குச் செருப்பும் கையுறையும் அணியுங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். நீர்வழிப் பரவி வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற மற்றோர் ஒட்டுண்ணி குளோரினுக்கு எளிதில் அஞ்சுவதில்லை, கொதிநீரில் மடிந்துவிடும்.

இப்புழு, தானமாகப் பெறும் உறுப்பின் வழியாகவும் வரக்கூடும். ஆதலால், மகனுக்குச் சிறுநீரகம் தர முன்வரும் தாயிடமும் நாங்கள் அதே கேள்வியைக் கேட்கிறோம். நாற்று நட்டு வளர்ந்தவர் என்றால், அவர் சொல்லத் தொடங்கும் கதையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எழுதிவிடுகிறோம்.