கைரேகை வைக்கும் முன் ஒரு வரி



"வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டேன். இப்ப ஒருவேளைக் கஞ்சிக்கு வழியில்லை. என்ன செய்யுறது?" குழுக் கூட்டங்களில் வயதான அம்மாக்கள் இப்படிக் கேட்பதுண்டு. இதற்கென்றே 2007-ம் ஆண்டில் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் வந்தது.

யார் மனு கொடுக்கலாம்?
சொந்த வருமானத்தில் பிழைக்க முடியாத தாய், தந்தை கொடுக்கலாம். மகனுக்கு மட்டுமல்ல, கல்யாணமான மகளுக்கும் பொறுப்பு உண்டு. பிள்ளை இல்லாத 60 வயதானவர், தன் சொத்தை அனுபவிக்கும் உறவினரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம்.

எங்கே கொடுப்பது?
ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மாதம் ரூ.10,000 வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். பெற்றவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

எழுதிக் கொடுத்த வீடு திரும்புமா?
"என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு இச்சட்டம் வந்தபின் எழுதியிருந்து, பிள்ளை பராமரிக்காவிட்டால், 23-ம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வரி பத்திரத்தில் இல்லையென்றால் நிரூபிப்பது சிரமம். அதனால் தான செட்டில்மென்ட் எழுதும்போது முழுசாப் படிக்கச் சொல்லிக் கேளுங்க. அந்த வரி இருந்தால்தான் கைரேகை வையுங்க.

பிள்ளை மேல் மனு கொடுக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது. முதலில் குழுவே வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கலாம். முடியாவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் துணைக்குப் போவோம். முதியோர் உதவிக்கான இலவசத் தொலைபேசி எண் 14567.

இன்றைய மருமகள் நாளைய மாமியார்தானே!