எதிர்க்கடைக்காரர் எதிரி அல்ல

நம் கடைக்கு எதிரிலேயே அதே தொழிலில் இன்னொரு கடை திறந்தால், நம்மில் பலருக்கு அன்றிரவு தூக்கம் வருவதில்லை. மறுநாளே விலையைக் குறைக்கிறோம். அவரும் குறைக்கிறார். சில மாதங்களில் இரண்டு கடையிலும் சரக்கு மெலிந்து, மொத்த வியாபாரிக்கு நிலுவை ஏறி, கடைசியில் இருவரும் வட்டிக்கு வாங்கும் நிலை வருகிறது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கடைத்தெரு இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பந்தல்குடி போன்ற ஊர்களில் இந்த அடி இன்னும் பலமாக விழும். அருப்புக்கோட்டைக்கும் எட்டயபுரத்துக்கும் இடையில், மதுரை–தூத்துக்குடிச் சாலையில் இருக்கிற ஊர் இது. சுற்றுக் கிராமங்கள் பெரும்பாலும் மானாவாரி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தி, மிளகாய், மல்லி, கம்பு, சோளம் என்று போடுகிறார்கள். வெள்ளாமை வீடு வந்து விற்ற பிறகுதான் கையில் காசு புரளும். வாடிக்கையாளர் பையில் இருப்பதே அளவான பணம். நாம் விலையைக் குறைத்தால் அந்தப் பணம் கூடிவிடாது.

மாவு மில் கணக்கு

ஒரு மாவு மில்லை எடுத்துக்கொள்வோம். அரவைக் கூலி கிலோவுக்கு 10 ரூபாய். மின்சாரம், ஆள் கூலி, தேய்மானம் போக 3 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர் மில்லுக்குப் போட்டியாக 2 ரூபாய் குறைத்தால் மிஞ்சுவது 1 ரூபாய். பழைய லாபம் வர வேண்டுமானால் மூன்று மடங்கு அரைக்க வேண்டும். ஊரில் சாப்பிடுகிற வாய்கள் மூன்று மடங்கு ஆகிவிடுமா?

அதே எதிர் மில்லை வேறு விதமாகப் பாருங்கள். ஒரு நாள் நம் மில்லில் பெல்ட் அறுந்துவிடுகிறது. அல்லது கல் கொத்த வேண்டியிருக்கிறது. தலைச்சுமையாகத் தானியம் கொண்டுவந்த அம்மாவிடம், "இன்று அங்கே அரைத்துக்கொள்ளுங்கள்" என்று கைகாட்ட ஒரு மில் இருந்தால், அவர் அருப்புக்கோட்டைக்குப் பேருந்து ஏற மாட்டார். அடுத்த முறையும் நம் ஊர்க் கடைத்தெருவுக்கே வருவார். மில்லுக்கு வந்தவர் மளிகையும் வாங்குவார், டீயும் குடிப்பார். சைக்கிள் கடை, தையல் கடை, செல்போன் பழுது பார்க்கும் கடை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

நம் சீமையின் மகமை

போட்டியாளர்கள் கூடி வாழ்வது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்களில் நிலைகொண்ட நாடார் வணிகர்கள், சரக்கையும் மாடுகளையும் திருட்டிலிருந்து காக்கப் பொதுவில் பேட்டைகள் அமைத்தார்கள். உறவின்முறை என்ற அமைப்பின்கீழ், நடக்கிற வியாபாரத்துக்கு ஏற்ப ஆளுக்கொரு தொகை மகமையாகக் கொடுத்தார்கள். பகலில் ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டியிட்டவர்கள், பொதுக் கணக்கில் ஒன்றாகப் பணம் கட்டினார்கள். அந்தப் பணம் கிணறாகவும் கோயிலாகவும் பள்ளியாகவும் ஆயிற்று. பெருந்தலைவர் காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்ததே. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து அந்தப் பள்ளியை வளர்த்த கதை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, பின்னர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனதும் இந்த ஒற்றுமைப் பழக்கத்தின் தொடர்ச்சியே.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் பொதுவாக்கியது பாதுகாப்பு, தண்ணீர், கல்வி, முதல் போன்றவற்றை. கடையையும் திறமையையும் அவரவரே வைத்துக்கொண்டார்கள். அன்று அது ஒரு சமூகத்தாரின் ஏற்பாடு. இன்று நம் கடைத்தெருவில் எல்லாச் சமூகத்தாரும் எல்லா மதத்தாரும் கடை வைத்திருக்கிறோம். அந்த ஏற்பாட்டின் சாரத்தை எல்லோருக்குமாக விரித்துக்கொள்வது வணிகர் சங்கத்தின் கடமை.

எதில் சேரக்கூடாது?

ஒற்றுமை என்றதும், "எல்லோரும் ஒரே விலை வைப்போம், புதுக்கடைக்காரருக்குச் சரக்குப் போடாதே என்று ஏஜென்சிக்குச் சொல்வோம்" என்று சிலர் கிளம்புவது உண்டு. இது தவறு மட்டுமல்ல, சட்ட விரோதமும் ஆகும். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பதையும் சந்தையைப் பங்கு போடுவதையும் தடுக்கிறது. 2009 மே முதல் இப்பிரிவு நடைமுறையில் இருக்கிறது. சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. சங்கத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் புதிய ஸ்டாக்கிஸ்ட் நியமிக்கக்கூடாது என்ற வழக்கத்துக்காக, கோவா மருந்து வணிகர் சங்கத்துக்கு 2012இலும், அகில இந்திய மருந்து வணிகர் அமைப்புக்கு 2013இலும் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. ஆகவே விலை அவரவர் கல்லாப்பெட்டியின் விஷயம். சங்கக் கூட்டத்தில் அதைப் பேசவே வேண்டாம்.

எதில் சேரலாம்?

1. புதுக்கடை திறப்பு விழாவுக்குப் போய் வாழ்த்துங்கள். முதல் நாள் பேசாத பேச்சு பிறகு பேச வராது.

2. வாடிக்கையாளரிடம் அடுத்த கடையைக் குறை சொல்லாதீர்கள். கேட்பவர், நாளை நம்மைப் பற்றி அங்கே என்ன பேசப்படும் என்றுதான் நினைப்பார்.

3. நம்மிடம் இல்லாத சரக்கையோ செய்ய முடியாத வேலையையோ அடுத்த கடைக்கு அனுப்புங்கள். சில்லறை, ஏணி, தள்ளுவண்டி என்று கைமாற்றுக் கொடுத்து வாங்குங்கள்.

4. நமக்கென்று ஒரு தனிச் சிறப்பைத் தேடுங்கள். ஒருவர் காலை ஐந்து மணிக்கே திறக்கலாம். இன்னொருவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். மிளகாய் வற்றலுக்கென்றே தனி மிஷின் வைத்த மில்லை, மாவில் நெடி ஏறுவதை விரும்பாத பெண்கள் தேடி வருவார்கள்.

5. அடுத்த கடையின் வேலையாளை அதிகச் சம்பளம் காட்டி இழுக்காதீர்கள். அவராகவே வேலை கேட்டு வந்தால், பழைய முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

6. எடை, தரம் இரண்டிலும் ஒருவர் செய்யும் மோசடி முழுக் கடைத்தெருவின் பெயரைக் கெடுக்கும். மின்னணுத் தராசுகளுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைப்பதைச் சங்கமே நினைவூட்டி, எல்லோரையும் சேர்ந்து செய்ய வைக்கலாம்.

7. தெருவிளக்கு, கழிப்பறை, குடிநீர், இரவுக் காவல் ஆகியவற்றுக்கு ஊராட்சியிடமும் காவல்துறையிடமும் சேர்ந்து போங்கள். தனிக்கடைக்காரர் கொடுக்கும் மனுவை விட நாற்பது கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

மே 5ஆம் தேதி வணிகர் தினத்தன்று நாம் ஒன்றாகக் கூடுகிறோம். ஒற்றுமையைப் பற்றி முழங்குகிறோம். மறுநாள் காலை கதவைத் திறக்கும்போது எதிர்க்கடைக்காரரைப் பார்த்து "என்ன அண்ணாச்சி, நேற்று வியாபாரம் எப்படி?" என்று கேட்கிறோமா என்பதில்தான் அந்த முழக்கத்தின் உண்மை தெரியும். பெரிய நிறுவனங்களும், செல்போனில் ஆர்டர் எடுக்கும் கம்பெனிகளும் நம் வாடிக்கையாளரின் வாசலுக்கே வந்துவிட்டார்கள். எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு சிறு கடைகள் ஒன்றையொன்று விழுங்கினால், மூன்றாவது ஆளுக்குத்தான் விருந்து. இரண்டும் நிமிர்ந்து நின்றால், "அங்கே போனால் எல்லாம் கிடைக்கும்" என்று நம் கடைத்தெருவைத் தேடி ஜனம் வரும்.