கடல் கடந்து சிறார்க்கு ஆங்கிலம் போதித்தல்

நம் மாணவருட் சிலர், பட்டம் பெற்றபின் அந்நிய நாடு சென்று சிறார்க்கு ஆங்கிலம் கற்பிக்க விரும்புகின்றனர். ஆயினும், "ஆங்கிலம் நம் தாய்மொழியன்றே, தருமபுரிச் சீமையிற் பிறந்த நமக்கு அஃது இயலுமோ?" என்னும் ஐயம் அவரைத் தடுக்கின்றது. அவ்வையம் எத்துணைத் தகவுடையதென ஈண்டு ஆராய்வோம்.

தடை உண்டென்பது மெய்யே. தென்கொரிய அரசாங்கத்தார் ஆங்கிலப் போதகர் பதவியை, அம்மொழியைத் தாய்மொழியாக வழங்கும் ஏழு நாட்டார்க்கே பொதுவாக உரித்தாக்கினர். எனினும், 2010-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய உடன்படிக்கை, பட்டமும் ஆசிரியர்த் தகுதியும் வாய்ந்த இந்தியர் அந்நாட்டுப் பள்ளிகளில் துணையாசிரியராகப் புக வழி திறந்தது. மாலத்தீவுகளிலோ இந்திய ஆசிரியர் பலர் நெடுங்காலமாகப் போதித்து வருகின்றனர்.

இனி, ஆங்கிலத்தை முயன்று கற்ற நமக்கே உரிய நலனொன்றுண்டு. 'பாம்பு' என்னும் சொல்லை உச்சரித்துப் பார்ப்போம். முதற்கண் நின்ற பகரம் வலிந்தும், மகரத்தை அடுத்து நின்றது மெலிந்தும் ஒலிக்கின்றன, எழுத்தோ ஒன்றே. கொரிய மொழியிலும் இதனையொத்த எழுத்தொன்று உண்டு. ஆங்கிலமோ இவ்வீரொலிக்கும் வெவ்வேறு எழுத்தமைத்துப் பொருளையும் வேறுபடுத்தும். 'ஃபாதர்' என்பதன் முதலொலிக்கு நம் நெடுங்கணக்கிலும் தனியெழுத்தில்லை. அவர் எழுத்திலும் இல்லை. ஆதலின், கொரியச் சிறுவன் இடறுமிடம் நமக்குப் பழகிய இடமேயாம். பிறந்தது முதல் ஆங்கிலமே பேசினார்க்கு அவ்விடறலின் காரணம் எளிதிற் புலப்படாது.

அடுத்து வேண்டுவது, கற்போன் தாய்மொழியை மதித்தல். பெங்களூரிற் பிறந்த வில்லியம் ஓல்டாம் என்னும் மெதடிஸ்டு மிஷனெரி, 1886-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சிங்கப்பூர் அமாய் தெருவில் ஒரு கடைவீட்டில் 13 சிறுவரைக் கொண்டு ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். ஆங்கிலமும் சீனமும் ஆங்கு ஒருங்கே போதிக்கப்பட்டன. பள்ளியின் பெயரும் அதனாலேயே அமைந்தது. 

போதனாமுறையோ எளிது. முதலிற் செவி, பின்னர் நா, அதன் பின்னரே கண்ணும் கையும் பழகவேண்டும். "எழு", "கதவைத் திற" என்னும் ஏவலை ஆங்கிலத்திற் கேட்டு, சிறுவன் அதன்படி செய்வானாயின், வாய் திறவாதிருப்பினும் அவன் கற்கின்றான் என்றே கொள்க. பேசும்படி அவனை நெருக்கலாகாது.

இப்பயிற்சிக்குக் கப்பலேறும்வரை காத்திருத்தல் வேண்டா. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் இல்லங்களில் வழங்கும் நம் ஜில்லாவின் ஆரம்பப் பாடசாலையே தக்க பயிற்சிக்களம். தெலுங்கு பேசும் வீட்டுக் குழந்தைக்கு இங்கே பொறுமையோடு ஆங்கிலம் புகட்ட வல்லான், எந்நாட்டுக் குழந்தைக்கும் அதனைப் புகட்ட வல்லனாவான்.