புகைப் பரணில் பிறந்த பெயர்

கரீபியன் கடற்கொள்ளையர்களை ஆங்கிலத்தில் ‘பக்கனீர்’ என்பார்கள். கேட்டதும் கப்பலும் பீரங்கியும் கண்முன் வரும். ஆனால் அந்தச் சொல்லின் வேரில் இருப்பது கடல் அல்ல. இறைச்சி வாட்டும் ஒரு மரப்பரண்.

அந்தப் பரண் பிரேசிலின் துப்பி மக்களுடையது. அங்கே போன பிரெஞ்சுக்காரர்கள் அதன் பெயரைத் தங்கள் நாக்குக்கு வளைத்து ‘பூக்கான்’ என்றார்கள். 1557-இல் அந்த மக்களிடையே இருந்த ழான் டி லெரி, 1578-இல் அச்சான தன் பயண நூலில் அதை விவரித்திருக்கிறார்.

பின்னாளில் கரீபியன் வேட்டைக்காரர்கள் கையாண்ட முறை இது: நான்கு கவைக்கம்புகளை நட்டு, மேலே பச்சைக் கம்புகளை நெருக்கமாகப் பரப்ப வேண்டும். காய்ந்த கம்பு என்றால் தீப்பிடித்துவிடும். இறைச்சியை நீள நீளமாகக் கீறி, உப்புத் தடவி, அதன்மேல் அடுக்குவார்கள். அடியில் தணல்தான் கனிய வேண்டும், சுவாலை எழக் கூடாது. எழுந்தால் மேல்பக்கம் கருகி உள்ளே ஈரம் தங்கிவிடும். வேட்டையாடிய விலங்கின் எலும்பையும் தோல் துண்டுகளையும் தணலில் போட்டுப் புகையை அடர்த்தியாக்குவார்கள். வெப்பம் ஈரத்தை உறிஞ்ச, புகையிலுள்ள பீனால்களும் அமிலங்களும் கிருமிகளைத் தடுக்கின்றன. உப்புக்கண்டத்துக்கு வெயில் செய்யும் வேலையை இங்கே புகை செய்கிறது.

இந்தக் கைவேலை கடற்கொள்ளையோடு சேர்ந்தது இஸ்பானியோலா தீவில். 1493-இல் கொலம்பஸ் கொண்டுவந்து இறக்கிய மாடுகளும் பன்றிகளும் அங்கே பெருகியிருந்தன. கள்ள வணிகத்தை ஒழிக்க நினைத்த ஸ்பானிய ஆளுநர் ஒசோரியோ, 1605-06-இல் வடக்கு, மேற்குக் கரை ஊர்களையே காலி செய்தார். மனிதர்கள் போனார்கள், மாடுகள் காட்டில் தங்கின. அவற்றை வேட்டையாட வந்தவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். இரத்தம் ஊறி விறைத்த சட்டையும் நீண்ட துப்பாக்கியுமாகக் காட்டில் திரிந்து, தோலையும் புகையிட்ட இறைச்சியையும் கப்பல்காரர்களிடம் விற்றுப் பிழைத்தார்கள். பூக்கான் போடுகிறவர்கள் என்பதால் ‘பூக்கானியே’ என்று பெயர்.

ஸ்பானியர்கள் இவர்களை விடவில்லை. ஆட்களை வேட்டையாடினார்கள்; அதோடு காட்டு மாடுகளையும் கொன்று குவித்தார்கள். என் பார்வையில் கதை திரும்புவது இங்கேதான்: பிழைப்பைப் பறிகொடுத்தவர்கள் தொர்த்துகா தீவிலிருந்து சிறு படகுகளில் ஸ்பானியக் கப்பல்களைத் தாக்கப் புறப்பட்டார்கள்.

பிரெஞ்சு மொழி இந்த இரண்டு தொழிலையும் குழப்பவில்லை. வேட்டைக்காரர் ‘பூக்கானியே’, கொள்ளையர் ‘ஃபிலிபுஸ்தியே’. ஆங்கிலம்தான் வேட்டைக்காரரின் பெயரைக் கொள்ளையருக்குச் சூட்டியது. எக்ஸ்குவெமெலின் டச்சு மொழியில் எழுதிய கொள்ளையர் வரலாறு 1684-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, அதன் தலைப்பிலேயே அந்தப் பெயர் ஏறி நிலைத்துவிட்டது.

மார்த்தினிக் தீவின் சாலையோரக் கடைகளில் இன்றும் ‘பூலே பூக்கானே’ கிடைக்கிறது: புகையில் வாட்டிய கோழி.