உங்களுக்குத் தெரியுமா? மூன்று கால் நாய் கற்றுத்தந்த பாடம்

'கிளிஃபோர்ட்' என்ற பெரிய சிவப்பு நாய் நாயகனாக வரும் அமெரிக்க கார்ட்டூன் தொடர், 2000-இல் பிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதன் ஓர் அத்தியாயத்தில் மூன்று கால் நாய் ஒன்று வருகிறது. மற்ற நாய்கள் மிரண்டு ஒதுங்கி, கடைசியில்தான் அதைச் சேர்த்துக்கொள்கின்றன. உடற்குறை உள்ளவர்களை ஒதுக்காதே என்பதே சொல்லவந்த நீதி. மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக்காட்டிய ஆய்வு 2008-இல் வெளியானது. பிள்ளைகள் பலருக்கும் புரிந்தது, நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே. மனிதர்கள் வரை அது போகவில்லை. கதை நெடுகப் பயத்தையும் விலகலையும் காட்டிவிட்டு முடிவில் மட்டும் திருந்தினால், ஐந்து வயது மனதில் எது தங்கும்?

அப்படியானால் இத்தகைய தொடர்களே வீண் என்பீர்களா? அதுவும் சரியல்ல. 'டேனியல் டைகர்' தொடரை இரண்டு வாரம் பார்த்த குழந்தைகளிடம் பிறர் மனமறியும் பண்பு கூடியதை, டெக்சஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வு 2016-இல் காட்டியது. ஆனால் அது, பார்த்ததைப் பற்றிப் பிள்ளையோடு வழக்கமாகப் பேசும் பெற்றோர் இருந்த வீடுகளில்தான். சமையல் முடியும்வரை பிள்ளையை டிவி முன் உட்காரவைக்கும் தாயைக் குறைசொல்வது நியாயமில்லை. சாப்பிடும்போது, "அந்த நாயை ஏன் ஒதுக்கினாங்க? உன் கிளாஸ்ல யாரையாவது அப்படி ஒதுக்குறாங்களா?" என்று வீட்டில் யார் கேட்டாலும் போதும்.