பன்றியிடம் கேட்டுக் கட்டிய கொட்டில்

கோழிக்கூண்டின் அடியில் எந்த வகைக் கம்பிவலை போடலாம்? பிரிட்டிஷ் அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965-இல் இதற்கு ஒரு பதில் சொன்னது. மெல்லிய அறுகோண வலை கோழியின் காலுக்கு ஆகாது, தடித்த கம்பியில் கட்டம் கட்டமாகப் போடுவதே நல்லது என்றது. கேட்பவருக்குச் சரியென்றே படும். 1973-இல் பேரி ஹியூஸ், ஏ. ஜே. பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கேள்வியைக் கோழிகளிடமே விட்டார்கள். வேறுவேறு தரைகளை ஒட்டி ஒட்டி வைத்து, கோழி எதில் அதிக நேரம் நிற்கிறது என்று கணக்கெடுத்தார்கள். குழு வேண்டாம் என்ற மெல்லிய வலையைத்தான் கோழிகள் நாடின. நெருக்கமாக ஓடிய கம்பிகள் பாதத்தை அதிக இடங்களில் தாங்கின என்பது பிறகுதான் புரிந்தது.

நல்ல மனம் படைத்த நிபுணர்களே தவறிய இடம் இது. பண்ணையையும் விலங்கு நடத்தை ஆராய்ச்சியையும் ஒரே மண்ணில் நடத்துகிறவர்கள் எதற்கு என்று யாராவது கேட்டால், நான் இந்தக் கம்பிவலைக் கதையிலிருந்துதான் தொடங்குவேன். விலங்குக்கு எது வேண்டும் என்பதை நாமாக ஊகிக்கக் கூடாது. அது தன் விருப்பத்தைக் காட்ட ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

அப்படி ஓர் இடத்தை ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே 1970-களின் கடைசியில் அமைத்தார்கள். கோழிகளின் நடத்தையை ஆராய்ந்து பெயர் பெற்ற டேவிட் உட்-கஷ், அலெக்ஸ் ஸ்டோல்பா ஆகிய இருவரின் வேலை அது. பைன் மரத்தோப்பு, முட்புதர்கள், ஓர் ஓடை, புரள்வதற்குச் சேறு, இவ்வளவும் இருந்த நிலத்தை வேலியடைத்து, பண்ணைப் பன்றிகளை விட்டார்கள். இறைச்சிக்காகத் தலைமுறை தலைமுறையாக மனிதன் பொறுக்கியெடுத்து வளர்த்த வெள்ளைப் பன்றிகள். காட்டு வாழ்க்கை இவற்றுக்கு மறந்தே போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மறக்கவில்லை. பன்றிகள் சேர்ந்து படுக்கக் கூடு கட்டின, அதுவும் தீவனம் போடும் இடத்திலிருந்து தள்ளி. சாணம் போட அந்தக் கூட்டிலிருந்து ஐந்து முதல் பதினைந்து மீட்டர் விலகிப் போயின. நம் ஊரில் சாக்கடையோரம் திரியும் பன்றியைப் பார்த்து ‘அசிங்கம்’ என்று முகம் சுளிக்கிறோமே, அந்த விலங்கு படுக்கையையும் கழிப்பிடத்தையும் இவ்வளவு கவனமாகப் பிரித்து வைக்கிறது. பன்றிக்கு நம்மைப்போல் வியர்த்து உடல் குளிர வழியில்லை, அதனால்தான் ஈரத்தைத் தேடுகிறது. நல்ல சேறு கிடைக்காவிட்டால் சாக்கடைக்கும் போகும்.

தீவனம் தவறாமல் கிடைத்தும், பகல் நேரத்தில் 52 சதவீதத்தை அவை மேய்வதிலும் மூஞ்சியால் மண்ணைக் கிண்டுவதிலும் செலவிட்டன. நிலக்கடலைக் காட்டையோ மரவள்ளிக் காட்டையோ ஒரே இரவில் காட்டுப்பன்றி உழுதுபோட்டதைப் பார்த்த விவசாயிக்கு இந்த மூக்கின் பலம் தெரியும். வயிறு நிரம்பினாலும் மூக்குக்கு வேலை வேண்டும். சிமெண்டுத் தரையில் அந்த வேலை கிடைக்காத பன்றிகள் பக்கத்துப் பன்றியின் வாலைக் கடிக்கின்றன. அதற்குப் பண்ணைகள் கண்ட மருந்து, குட்டியிலேயே வாலை நறுக்கிவிடுவது.

ஈனும் காலம் நெருங்கிய தாய்ப்பன்றி கூட்டத்தை விட்டுத் தனியே போகும். இடம் பார்க்கும், பிடிக்காவிட்டால் இன்னும் நடக்கும். பிடித்த இடத்தில் முன்காலாலும் மூஞ்சியாலும் குழி பறிக்கும். பிறகு வாய் நிறையப் புல்லைக் கவ்வி வந்து போடும். மறுபடி போகும், சுள்ளி கொண்டுவரும், போட்டு, மிதித்து, திரும்பிப் படுத்துப் பார்க்கும். அங்கே குட்டி போட்டு, ஒன்பது நாள் போல இருந்துவிட்டு, குட்டிகளோடு கூட்டத்துக்குத் திரும்பும். பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் வைக்கோலில் கூட்டை ஆயத்தமாகச் செய்து கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் தாய்ப்பன்றி கட்டத்தான் செய்தது. அதன் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் ‘கட்டு’ என்று உந்துகின்றன. கூடு இருந்தால் மட்டும் அந்த உந்துதல் அடங்காது, கட்டி முடிக்க வேண்டும். திரும்பக்கூட முடியாத இரும்புச் சட்டத்துக்குள் ஈனும் தாய்ப்பன்றி, அதே நேரத்தில் சிமெண்டைப் பிராண்டுகிறது, கம்பியைக் கடிக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, ‘பழகிவிடும்’ என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பார்த்ததை எழுதி வைத்ததோடு ஸ்டோல்பா நிறுத்தவில்லை. எந்தச் செயலுக்கு நிலத்தின் எந்த அம்சம் தேவைப்பட்டது என்று பிரித்தெடுத்து, அவற்றை ஒரு கொட்டிலுக்குள் கொண்டுவந்தார். நான்கு தாய்ப்பன்றிகளும் அவற்றின் குட்டிகளும் ஒரே குடும்பமாக வாழும் இடம் அது. படுக்க ஒதுக்கமான கூட்டுப் பகுதி, கிண்ட ஒரு பகுதி, சாணத்துக்குத் தனிப் பகுதி, உடம்பு தேய்த்துக்கொள்ளக் கம்பம். அறிமுகமில்லாத பன்றிகளை ஒன்றாகப் போடுவதில்லை, அதனால் சண்டையும் குறைவு. ஆனால் இடமும் கவனிப்பும் அதிகம் கேட்கும் முறை. பெரிய பண்ணைகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இறைச்சியைக் கிலோ விலையில் மட்டும் அளக்கும் சந்தையில் அது நடக்கும் காரியமும் அல்ல.

இருந்தாலும், இத்தகைய ஆய்வுகளின் தடம் சட்டங்களில் தெரிகிறது. கோழிகளுக்கான பழைய வகைக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் தடை செய்தது. 2013 முதல், சினைப்பன்றிகளைச் சினைக்காலத்தின் பெரும்பகுதிக்குக் கூட்டமாகத்தான் வைக்க வேண்டும். கிண்டிப் பார்க்க வைக்கோல் போன்ற பொருளும் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஈனும் நேரத்து இரும்புச் சட்டத்துக்கு அங்கே இன்னும் பொதுத்தடை இல்லை.

பன்றிகளைத் திறந்த நிலத்தில் விட்டு ஆராய்வது எடின்பரோவோடு முடிந்துவிடவில்லை. வியன்னாவுக்குத் தெற்கே பாட் வோஸ்லாவ் அருகில் ஹைடல்ஹோஃப் என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. வியன்னா பல்கலைக்கழகமும் அங்குள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துவது. அங்கே நியூசிலாந்திலிருந்து வந்த குனேகுனே இனப் பன்றிகள் மேய்ச்சல் நிலத்தில் திறந்துவிடப்பட்டு வாழ்கின்றன. தொடுதிரையை மூஞ்சியால் தொட்டு, மனிதத் தலையின் முன்பக்கப் படத்தையும் பின்பக்கப் படத்தையும் அவை பிரித்துச் சொன்னதாக 2018-இல் ஆய்வு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு என்னை அதிகம் தொட்டது. ஒரு பெட்டியின் இழுவைக் கதவைப் பெரிய பன்றி மூஞ்சியால் ஒருபக்கமாகத் தள்ளித் தின்பண்டம் எடுக்கும். குட்டி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். செய்து காட்டியது அதன் தாய் அல்லது இன்னொரு தாய்ப்பன்றி. பார்த்த குட்டிகள், ஒரு நாள் கழித்து விட்டபோதும், அதே விதமாகக் கதவைத் தள்ளின.

திறந்த நிலத்தில் குட்டி பால் மறக்க மூன்று மாதத்துக்கு மேலாகிறது. வணிகப் பண்ணையில் மூன்று, நான்கு வாரத்தில் அதைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள்.